கழிக்கப்பட்ட மூச்சு

பூமி சூடாவதைத் தடுக்க உலகமே கைகோத்துப் பாடுபட்ட காலத்தில், ஆபத்சகாயம் தன் பங்குக்கு ஆறு மணிநேரம் தூங்கினான்.

தூங்க வேண்டும் என்று போகவில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பதினோராம் எண் மிதவையைச் சுரண்டிக் கழுவ வேண்டும். பெரிய பரங்கிக்காய் அளவில் வெள்ளையாக இருக்கும் அந்தச் சாமான், முத்துப்பேட்டைக்குத் தெற்கே அலையாத்திக் காட்டுக் காயலில் மிதந்தபடி, தண்ணீரிலிருந்து எழும் வாயுக்களை ராப்பகலாக முகர்ந்துகொண்டிருக்கும். சிப்பியும் பாசியும் வளர்ந்து அதன் மூக்கை அடைத்துவிடும். சகாயம் தோணியில் போய், அதன் கழுத்திலிருக்கும் பராமரிப்பு விசையைத் தட்டி, சுரண்டி, கழுவி, விசையைத் திரும்பத் தட்டிவிட்டு இடத்தில் சேர்க்க வேண்டும். நடுவில் அது முகர்வது கணக்கில் வராது. மற்ற மிதவைகள் குளித்து முடித்ததும் தாமாகவே தங்கள் இடத்துக்குப் போய்விடும். பதினோராம் எண்ணுக்கு மட்டும் மோட்டார் பழுது. மாற்று மோட்டார் எட்டு மாதமாக வந்துகொண்டே இருந்தது. அதனால் கன்றுக்குட்டி மாதிரி அதைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போக வேண்டும்.

அன்று காலை பத்து மணிக்கெல்லாம் கழுவி முடித்து, மறக்காமல் விசையைத் திரும்பத் தட்டினான். அன்றைக்கு அவன் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். அதுவே வினையாகப் போயிற்று. மிதவையின் இடம் நூறு மீட்டர் தள்ளி, கொளுத்தும் வெயிலில் இருந்தது. தோணி நின்ற இடமோ தாழைத்திட்டுக் குடியிருப்பில் தையல்நாயகி வீட்டு வாய்க்காலின் வாய். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் கவிந்து, தண்ணீர் பச்சையாக, குளிர்ச்சியாக, அசைந்தும் அசையாமலும் கிடந்தது. இரண்டு நிமிஷம் கண்ணை மூடினால் என்ன என்று தோன்றியது. மூடினான்.

அவனைக் குறை சொல்லி என்ன பயன்? வீட்டில் எண்பத்தேழு நாள் வயசில் இரட்டைப் பெண் குழந்தைகள். நாற்பத்து மூன்று வயதில் வந்த வரம். ஒன்று ஓய்ந்தால் மற்றது பொறுப்பேற்றுக்கொள்ளும். இவ்வளவு ஒழுங்காக முறை மாற்றிக்கொள்ளும் ஆட்களை அவன் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

கண் விழித்தபோது மணி நான்கு. காயலைக் காணவில்லை. அமாவாசை வற்றம் தண்ணீரை முழுக்க உறிஞ்சிக்கொண்டு போயிருந்தது. தோணி சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. எதிரே வாய்க்கால் வாயின் முளைக்குச்சியில் கட்டப்பட்டு, கறுப்புச் சேற்றில் எருமை மாதிரி உட்கார்ந்திருந்தது மிதவை. அதைச் சுற்றிச் சேறு கொப்புளம் கொப்புளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அரைத்தூக்கத்தில் நாமே கட்டியிருப்போம் என்று எண்ணிக்கொண்டான். முந்தின வாரம்தான் பால் புட்டியைச் செருப்பு அலமாரியில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடியிருந்தான். தன் கைகளின் மேல் அவனுக்கு அப்போது பெரிய நம்பிக்கை இல்லை.

தண்ணீர் திரும்பி வரும்வரை அவனும் மிதவையும் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி போல எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வந்ததும் அதை இழுத்துக்கொண்டுபோய் அதன் இடத்தில் விட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விடிகாலையில் தையல்நாயகி போன் செய்தாள். "தம்பி, ஒங்க ஆளுவல்லாம் எங்க வாய்க்கா வாசல்ல வந்து உக்காந்திருக்குதுவ. என்ன வேணும்னு வந்து கேட்டுச் சொல்லு. காப்பி போடணும்னா நாப்பது லோட்டாவுக்கு நான் எங்க போறது?"

பனி மூட்டத்துக்குள் தோணியை விட்டுக்கொண்டு போனான் சகாயம். காயலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கிடந்தன. அந்தச் சாம்பலுக்குள் முதலில் ஒன்று தெரிந்தது, பிறகு நாலு, பிறகு எண்ண முடியாதபடி. காயல் முழுக்கச் சிதறி மிதக்க வேண்டிய நாற்பது மிதவைகளில் பெரும்பாலானவை தாழைத்திட்டின் வாய்க்கால்களுக்கு எதிரே வரிசை கட்டி நின்றன. எழவு வீட்டு வாசலில் செய்தி உறுதியாகட்டும் என்று நிற்கிற சனம் போல, சத்தமில்லாமல். அழகாகத்தான் இருந்தது. அவன் துடுப்பு போடுவதை நிறுத்தினான்.

அந்த மிதவைகளின் கூட்டத்துக்குச் சுவாசனி என்று பெயர். யாரும் அதை ஓட்டுவதில்லை. எங்கே முகர வேண்டும், எதைச் சந்தேகிக்க வேண்டும், எப்போது கூட்டம் போட வேண்டும் எல்லாம் அதுவே முடிவு செய்யும். பெண் குரலில் பேசுவதால் திட்டுக்காரர்கள் அதை மூக்கம்மா என்றார்கள்.

தாழைத்திட்டு முப்பத்தோரு வீடு. வீட்டுக்கு ஒரு வாய்க்கால். காயலிலிருந்து காட்டுக்குள் மீன் முள் மாதிரி கிளைவிட்டு வெட்டிய வாய்க்கால்கள். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே போகும், அதோடு இறாலும் மடவை, கொடுவா மீன்களும் போகும். வற்றத்தில் வாயை வலையால் மறித்தால் வீட்டுக்கு வேண்டியது கிடைக்கும். வருஷத்துக்கு ஒருமுறை தூர் வார வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி மரங்களின் வேர் அழுகும். காட்டை வெட்டித்தான் காட்டை வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். பரங்கிக்காய்களுக்கு இன்னும் கஷ்டம்.

மூன்றாம் நாள் சுவாசனியின் தீர்ப்பு வந்தது. மாவட்ட அலுவலகத்துக்கும் திட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில், பிழையில்லாத தமிழில். பதினோராம் எண் மிதவை ஆறு மணிநேரம் வழக்கத்தைவிட ஒன்பது மடங்கு மீத்தேன் அளந்திருக்கிறது. தாழைத்திட்டின் வாய்க்கால்களே அதன் ஊற்று. இருபத்தோரு நாளில் முப்பத்தொன்றின் வாய்களையும் மண்ணிட்டு அடைக்க வேண்டும். கீழே வழக்கமான எச்சரிக்கையும் இருந்தது: திட்டுவாசிகள் யாராவது மிதவையைத் தொட்டதாகத் தெரிந்தால் அவகாசமின்றி அன்றே அடைக்கப்படும், நிரந்தரமாக.

மிதவை ஒழுங்காக மிதந்துகொண்டு அளந்ததாகத்தான் சுவாசனி நினைத்திருந்தது. காற்றும் நீரோட்டமும் இருநூறு மீட்டர்வரை தள்ளலாம் என்று அதற்குச் சலுகை உண்டு. வாய்க்கால் வாய் அந்த எல்லைக்குள் இருந்தது. தான் சேற்றில் குந்தியிருந்தது அந்த அசடுக்குத் தெரியவில்லை. எந்தச் சேற்றில் குந்தினாலும் அப்படித்தான் நாறும்.

தையல்நாயகி அறிவிப்பை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஐம்பத்தைந்து வயசு, புருஷன் போன பிறகு வாய்க்காலைத் தனியாக வைத்துக் காப்பாற்றுகிறவள். சகாயத்தின் மனைவி கோமளாவுக்குப் பிரசவ லேகியம் கிண்டிக் கொடுத்ததும் அவள்தான்.

"இந்த மூக்கம்மா சொன்னா கலெக்டரு கேட்டே ஆவணுமா?" என்றாள்.

ஆமாம் என்றான் சகாயம். முன்னெல்லாம் எந்த நாடு எவ்வளவு புகை விட்டது என்று அந்தந்த நாடே எழுதிக் கொடுத்தது. எல்லாரும் ஊதுபத்தி மட்டுமே கொளுத்தியதாக எழுதினார்கள். பூமி மட்டும் சூடாகிக்கொண்டே போனது. கடைசியில் எல்லா நாடும் உட்கார்ந்து பேசி, மனுஷன் சொல்வதே வேண்டாம், கருவி சொல்வதுதான் செல்லும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அது சொன்னதை அதுவே திரும்பப் பெற்றால்தான் உண்டு.

"அப்ப அதுகிட்ட யாரும் பேச முடியாதா?"

"பேசலாங்க்கா. கேக்காது."

"எங்க மாமனாரு மாதிரி," என்றாள் தையல்நாயகி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சகாயம் அறிவிப்பைத் திரும்பப் படித்தான்.

முதலில் சென்னைக்குப் பேசினான். சுவாசனியைச் செய்த மையத்தின் தலைமை விஞ்ஞானி டாக்டர் ஜாஸ்மின் தேவகிருபை நல்ல மனுஷி. ஆறு வருஷத்தில் அவனை ஒருமுறைகூடக் கடிந்து பேசியதில்லை. ஒருமுறைகூட ஆமாம், இல்லை என்று சொன்னதும் இல்லை. தூங்கியது, சேறு, கொப்புளம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். 

"சகாயம், நீங்க சொல்றது எனக்குப் புரியுது," என்றார். "ஆனா அதை எந்தக் கட்டத்துல போடறது? மனுஷன் சொன்னதுன்னு ஒரு கட்டமே அதுல கிடையாது. வேணும்னேதான் வைக்கல."

திரும்ப அளந்து பார்க்கச் சொல்லலாமே என்றான். பௌர்ணமி வற்றம் அவ்வளவு இறங்காது, அந்த அளவுக்கு அடுத்த அமாவாசைக்குத்தான் வற்றும், அதற்குள் கெடு முடிந்து கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகியிருக்கும் என்றார். மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். ஒரு குழு இருக்கிறது என்றார். என்னை வேலையை விட்டுத் தூக்குவீர்களா என்று கேட்டதற்கு, இப்போது அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றார். அது எந்தப் பக்கத்துப் பதில் என்று போனை வைத்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தான்.

பிறகு தையல்நாயகியிடம் போனான். வாய்க்கால் கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. எல்லாம் என்னால்தான் அக்கா, உங்கள் நிழலில் படுத்துத் தூங்கி உங்கள் குடியைக் கெடுத்துவிட்டேன் என்றான். அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு பெரிய இறால் ஒரு பக்கம், சின்ன இறால் ஒரு பக்கம் என்று தொடர்ந்தது.

"என் மேல கோவமாக்கா?"

"ரெட்டையில சின்னது எடை ஏறுதா? போன தடவ பாக்கையில பெரியதுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுச்சு."

ஏறுகிறது என்றான். அவள் ஒரு மடவையை வாழை மட்டையில் சுற்றி நீட்டினாள், கோமளாவுக்குக் குழம்பு வைத்துக் கொடுக்கச் சொல்லி. செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பான். மீனை வாங்கிக்கொண்டு போனான்.

அந்த வாரம் மூன்று தரம் அதே கேள்வியைக் கேட்டான். ஒரு தரம் லேகியத்தைப் பற்றிச் சொன்னாள். இன்னொரு தரம் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தாள். மூன்றாம் தரம், குழந்தைகளுக்கு இன்னும் பேர் வைக்காமல் பெரியது, சின்னது என்றா கூப்பிடுவது என்று திட்டினாள். கெடு மட்டும் கரைந்துகொண்டே போனது. மூன்றாம் வாய்க்கால் இருளாண்டி வலையைப் பிரித்துச் சுருட்டி வைத்துவிட்டு, திருப்பூரில் இருக்கும் மச்சானிடம் பனியன் கம்பெனியில் இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். அவருக்கு வயசு அறுபத்தொன்று. ஊசியில் நூல் கோக்கத் தெரியும் என்று போனில் அவர் உரக்கச் சொன்னது படகுத்துறைவரை கேட்டது.

அன்று மறுபடியும் சென்னைக்குப் பேசினான். நான் அங்கேதான் இருந்தேன், ஆறு மணிநேரம் அதன் மூக்குக்கு முன்னாலேயே கிடந்தேன், என்னையாவது அது முகர்ந்திருக்காதா என்று கிட்டத்தட்ட அழுதான்.

"முகர்ந்திருக்கும். ஆனா உங்களைக் கழிச்சிடும்," என்றார் டாக்டர். "நீங்க விடற மூச்சும் கரியமில வாயுதானே, சகாயம். காடு விடறதோட அது கலந்துடக் கூடாதில்லையா. முதல் வருஷமே உங்க மூச்சை அது படிச்சு வெச்சிருக்கு. நீங்க எங்க போனாலும் அங்க உங்களைக் கழிச்சிட்டுத்தான் கணக்கு எழுதும்."

ஆறு வருஷமாகத் தன்னை ஒரு ஜீவன் கழித்துக்கொண்டே வந்திருக்கிறது என்பது அவனுக்குக் கொஞ்சம் வலித்தது. வீட்டுக்குப் போய்ப் பெரியதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கழித்தது எங்கேயாவது இருக்க வேண்டுமே. மனுஷன் சொல்வதைத்தான் அது கேட்காது. மனுஷன் விட்ட மூச்சு அதுவே அளந்தது.

கெடுவின் பன்னிரண்டாம் நாள் விடியற்காலை தோணியை எடுத்தான். பனி அன்று இன்னும் அடர்த்தி. துடுப்பு தண்ணீரில் படுகிற சத்தம்கூட எங்கிருந்தோ வேறு யாரோ போடுவது போல இருந்தது. எங்கோ நாரைகள் இறக்கை உதறின. பதினோராம் எண்ணின் பக்கத்தில் போய் நிறுத்தி, பராமரிப்புக் குரலைத் திறந்தான். பழுது கேட்கவும் மோட்டார் நிலவரம் சொல்லவும் மட்டும் பயன்படுத்துகிற குரல்.

"என்னைச் சேத்துக்கோ," என்றான்.

"விளங்கவில்லை," என்றது சுவாசனி.

"என்னைக் கழிக்காம, நான் இருந்தபடியே கணக்கைத் திரும்பப் போடு."



"கழிக்கப்பட்டவர் கேட்டால் அதைச் செய்ய விதி உண்டு," என்றது. "இதுவரை யாரும் கேட்டதில்லை. உங்களைச் சேர்த்தால் ஆறு ஆண்டு அளவுகளையும் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும். அது முடியும்வரை நீங்கள் காயலுக்குள் வரக் கூடாது. பிறகும் வர முடியாமல் போகலாம். அதற்கான சாத்தியம் எழுபதிலிருந்து தொண்ணூறு சதவீதம்."

சகாயம் சுற்றிலும் பார்த்தான். பார்க்க ஒன்றும் தெரியவில்லை. பனிதான். அந்த ஒன்றும் தெரியாததைப் பார்க்கத்தான் ஆறு வருஷமாகத் தினமும் வந்திருக்கிறோம் என்று தோன்றியது. செய் என்றான்.

"நீங்கள் ஆயிரத்து நானூற்று எட்டு முறை வந்திருக்கிறீர்கள்," என்று அது ஆரம்பித்தது, ஏடு பிரித்துப் படிக்கிற மாதிரி. "நூற்றுப் பதினான்கு முறை உறங்கியிருக்கிறீர்கள்."

"அவ்வளவெல்லாம் இருக்காது."

"நூற்றுப் பன்னிரண்டுக்கும் நூற்றுப் பதினாறுக்கும் இடையில். இருநூறு முறைக்கு மேல் மூச்சு நீளமாக, ஒழுங்கான இடைவெளிகளில் வெளியேறியது. பாடியிருக்கிறீர்கள் என்று கருதுகிறேன். எனக்குக் கேட்கும் கருவி அப்போது இல்லை."

"நல்லதாப் போச்சு."

"மூன்றாம் ஆண்டு ஆவணியில் ஒருநாள் உங்கள் மூச்சு ஒன்றரை மணிநேரம் விட்டு விட்டு வந்தது. நோய் என்று முதலில் பதிந்தேன். பிறகு திருத்திக்கொண்டேன்."

 அது கோமளாவுக்கு மூன்றாவது தடவையும் கரு தங்காமல் போன நாள். ஆஸ்பத்திரியில் அவள் முன்னால் திடமாக நின்றுவிட்டு, ஆளில்லாத இடமாகப் பார்த்து அழுவதற்கு இங்கே வந்திருந்தான். ஆள் இருந்திருக்கிறது. பார்த்துவிட்டு, நாகரிகமாகக் கழித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. பரங்கிக்காயின் ஈரமான மண்டையில் கையை வைத்தான். சில்லென்று இருந்தது.

"அமாவாசை நாளுக்கு வா," என்றான், குரலைச் சரி செய்துகொண்டு.

வந்தது. பத்து மணி பத்து நிமிஷத்திலிருந்து நான்கு மணிவரை உறங்குகிறவரின் மூச்சு. மற்ற நாட்களில் அலை அசைக்க அசைக்க அந்த மூச்சு கிட்ட வந்தும் எட்டப் போயும் இருக்கும். அன்று நண்பகலுக்குப் பிறகு ஒரு விரல்கூட நகரவில்லை. மிதக்கிற பொருளுக்கு அது நடக்காது. ஆகவே பதினோராம் எண் மிதக்கவில்லை, தரையில் இருந்திருக்கிறது என்றது சுவாசனி. 

"இன்னொன்று. பதினொன்று முப்பத்தெட்டிலிருந்து நான்கு நிமிடம் இரண்டு மூச்சுகள் இருக்கின்றன. ஒருவர் உறங்குகிறார். மற்றவர் அருகில் நிற்கிறார்."

சகாயத்துக்கு அறிவிப்பின் கடைசி வரி ஞாபகம் வந்தது. மிதவையைத் திட்டுக்காரர் யாராவது தொட்டதாகத் தெரிந்தால் அன்றே, நிரந்தரமாக.

"ஆடா இருக்கும்," என்றான்.

"ஆடு என்றால் மீத்தேனும் வந்திருக்கும்."

"மாடு."

"அதற்கு இன்னும் அதிகமாக."

"கோடியக்கரையில குதிரைங்க திரியுது பாரு, அதுல ஒண்ணு."

"குதிரை அத்தனை தூரம் நீந்தி வந்து, நான்கு நிமிடம் உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்றது என்கிறீர்கள்."

"என் மூஞ்சி அப்படி," என்றான் சகாயம் பலவீனமாக.

"மனிதர் சொல்வதை நான் பதிவு செய்வதில்லை. குதிரையையும் பதிவு செய்யவில்லை." பனிக்குள் எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. "அந்த மூச்சை வேறு நாட்களிலும் நான் அறிவேன். யாருடையது என்று நீங்கள் கேட்டால் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கேட்டதும் சொன்னதும் பதிவில் நிற்கும். கேட்கிறீர்களா?"

ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "கேக்கல," என்றான்.

"அடையாளம் காணப்படாத உயிர் ஒன்று என்று எழுதுகிறேன்," என்றது சுவாசனி. "தாழைத்திட்டு பற்றிய கண்டறிதல் தவறாக இருப்பதற்கான சாத்தியம் தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்றொன்பது சதவீதம். திரும்பப் பெறப்படுகிறது."

"அப்ப தப்பு என்னோடதா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லேன்."

"அதற்கான சாத்தியம் பல காரணிகளைப் பொறுத்தது," என்று அது தொடங்கியபோது அவன் குரலை மூடிவிட்டான். சென்னைக்காரர்கள்தானே செய்திருக்கிறார்கள்.

அவன் கரை சேர்வதற்குள் மிதவைகள் ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டிருந்தன. வெயில் ஏறிப் பனி விலகியபோது வாய்க்கால்களுக்கு எதிரே வெறும் தண்ணீர் மினுங்கியது. திட்டில் யாரோ உரக்கக் கூவினார்கள். இருளாண்டி சுருட்டிய வலையைத் திரும்பப் பிரித்துக் கரையில் காயப்போட்டார். திருப்பூர் மச்சானுக்குப் போன் போட்டு, கண் மங்கலாகத் தெரிவதால் பனியன் வேலைக்குத் தோதுப்படாது என்று கௌரவமாகச் சொல்லிவிட்டார்.

சகாயத்தின் விஷயத்தில் சதவீதக் கணக்கு சரியாகவே இருந்தது. இனி காயலுக்குள் மனுஷ மூச்சே வேண்டாம், தம்மைத் தாமே கழுவிக்கொள்ளும் மிதவைகள் வரும் என்று முடிவாயிற்று. பதினோராம் எண்ணின் மோட்டாரும் அந்த வாரமே வந்து சேர்ந்தது. அவனுக்குச் சென்னை மாதவரத்துக் கிடங்கில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் வேலை. தூங்கினால் யாருக்கும் சேதமில்லாத இடம் என்று கோமளாவிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. இரண்டு குழந்தைகளையும் அவன் மடியில் போட்டுவிட்டு மூட்டை கட்டப் போனாள்.

தோணியை ஒப்படைக்க வந்த நாள் மத்தியானம், தரை வழியாகவே நடந்து தையல்நாயகியின் வாய்க்காலுக்குப் போனான். வாய்க்காலுக்குள் இறங்க அவனுக்கு அனுமதி இல்லை. கரையில் நின்றான். அவள் இடுப்பளவு தண்ணீரில் தூர் வாரிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கூடை சேறு மேலே வரும்போதும் அடியிலிருந்து குமிழிகள் மெதுவாக எழுந்து, வெயிலில் ஒரு கணம் நின்று, உடைந்தன. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கிடங்கில் இதெல்லாம் இருக்காது.

கோவமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

"அன்னிக்கு நான் தூங்குறப்ப பக்கத்துல யாரோ வந்து நின்னிருக்காங்க," என்றான். "யாருக்கா அது?"

தையல்நாயகி கூடையை நிரப்பினாள். "சின்னதுக்கு இப்ப எடை..."

"ரெண்டும் நல்லா இருக்குதுவ. எடையெல்லாம் ஏறிடுச்சு. இத மட்டும் சொல்லுங்க. நான் அதுகிட்டக் கேக்கல. யாருகிட்டயும் சொல்லல. நாளைக்கு ஊரவிட்டுப் போறேன்."

அவள் கூடையைத் தண்ணீரிலேயே விட்டாள். கையிலிருந்த சேற்றைக் கழுவினாள். கழுவி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான்," என்றாள்.

அவன் நின்ற இடத்திலேயே கரையில் உட்கார்ந்தான்.

"ஒன் கயிறு அவுந்து, அது வத்தத்தோட கடலப் பாத்துப் போயிக்கிட்டு இருந்துச்சு. வாய்க்கா வாயில வந்த பொருள நாங்க வுட மாட்டோம் தம்பி. ஓடமோ வலையோ, பகையாளி சாமானா இருந்தாலும் சரி, கட்டி வச்சி ஆளுகிட்ட ஒப்படைக்கணும். அதப் போக வுட்டா ஒன் வேல போயிரும்னு வேற பட்டுச்சு. இழுத்தாந்து முளையில கட்டுனேன். சேத்துல குந்துனா அது இப்படி ஊரக் கூட்டும்னு எனக்கு என்ன தெரியும்?"

"சொல்லிருக்கலாமேக்கா. நானா கட்டுனேன்னு நெனச்சு..."

"சொன்னா முப்பத்தோரு வூடு. சொல்லாட்டி நீ ஒருத்தன். நீ வந்து வந்து கோவமான்னு கேக்கையில, தொண்ட வரைக்கும் வரும். ஒன் மூஞ்சியப் பாக்காம மழையப் பாத்தேன், எறாலப் பாத்தேன். அதான் நெசம்."

வாய்க்காலில் ஏற்றம் ஆரம்பித்திருந்தது. அவள் விட்ட கூடை மெல்ல நகர்ந்து உள்ளே போயிற்று. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். சகாயத்துக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அது இருப்பதே இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"கட்டிட்டு, என்னை ஒரு கொரல் குடுத்து எழுப்பிருக்கலாமே?"

தையல்நாயகி முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எழுப்பத்தான் கிட்ட வந்தேன்," என்றாள். "மூணு மாசமா ஒறங்காத மூஞ்சி. கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். எழுப்ப மனசு வரல."